ஃபுல் டேங்க் போட்டா வர்ற வாசனை

"ஃபுல் டேங்க் போட்டாதான் மச்சான் நாறுது. பாதிக்குக் கீழ போயிட்டா ஒண்ணுமே தெரியல." எங்க மாமா இதை எங்கிட்ட மூணு தடவை சொன்னாரு. மூணு தடவையும் நான் காதுல வாங்கல. வாங்கியிருந்தா இன்னிக்கு இப்படி உக்காந்து எழுதிட்டிருக்க வேண்டியதே இல்ல.

மாமான்னா எங்க அக்கா வீட்டுக்காரரு. மரக்காணம் உப்பளத்துல ஆயில் இன்ஜின் ஓட்டிட்டிருந்தாரு, பாத்திக்கு உப்புத்தண்ணி ஏத்துற வேலை. ஒரு கேன்லேருந்து இன்னொரு கேனுக்கு டீசல் மாத்தணும்னா ட்யூபை வாயில வெச்சு ஒரு இழுப்பு இழுத்து விடுவாரு, ஒரு சொட்டு வாய்க்குள்ள போகாது. அதுல அவருக்கு ஒரு பெருமை. நான் அப்போ ஈசிஆர் ரோட்டு மேல, பாண்டிச்சேரி பஸ் நிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, சொந்தமா பட்டறை வெச்சிருந்தேன். ஓலைக் கொட்டாய்தான், ஆனா வாசல்ல போர்டு உண்டு. போர்டு எழுதினவன் என் பேருக்குக் கீழ 'ஸ்பெஷலிஸ்ட்'னு அவனாவே ஒரு வார்த்தையைச் சேர்த்துட்டான். நானும் அழிக்கச் சொல்லல. அந்த வார்த்தையை ஊர்ல நம்பினது நான் ஒருத்தன்தான்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். வண்டியில இன்ன கோளாறுன்னு யாராவது எனக்குச் சொல்லிக் குடுத்தா மூக்கு மேல கோவம் வந்துடும். தெரிஞ்சா நீயே பண்ணிக்க வேண்டியதுதானே, இங்க எதுக்கு வந்தேன்னு கேட்டு, வந்த ஆளைத் திருப்பி அனுப்பினதும் உண்டு. உனக்கு நாக்குல சனின்னு என் வீட்டுக்காரி சொல்லுவா. எனக்கு மட்டும் பிடிச்ச சனியா இருந்திருந்தா பரவாயில்ல.

மரக்காணத்துக்குத் தெக்கால, கடலோரம் ஒரு தென்னந்தோப்புல ஒரு டாக்டர் இருந்தாரு. சென்னையில பெரிய ஆபரேஷனெல்லாம் பண்ணவரு. கை நடுக்கம் வந்ததும் எல்லாத்தையும் விட்டுட்டு இங்க வந்துட்டாரு. வரும்போது கூடவே ஒரு சிவப்புக் காரு வந்துச்சு. வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரு, ரெண்டே சீட்டு, மேல துணிக்கூரை, என்னைவிட வயசு ஜாஸ்தி. ஊர்ல அதுக்கு மூடியில்லாத காருன்னு பேரு. அதை ரிப்பேர் பாக்குறது நான்தான். புஸ்தகத்தைக் கொண்டாந்து குடுப்பாரு, நான் படத்தைப் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். என் பட்டறை வாசல்ல அந்த வண்டி நின்னா சென்னைக்குப் போற பஸ்ல இருக்கறவங்ககூட எட்டிப் பாப்பாங்க. அன்னிக்கெல்லாம் எனக்குப் பசிக்காது.

சுனாமி வந்தப்போ உப்பளமெல்லாம் ஒரே சேறாப் போச்சு. இன்ஜின் மண்ணுல புதைஞ்சுது, மாமாவுக்கு வேலை போச்சு. அக்கா ரெண்டு பிள்ளைங்களை வெச்சுகிட்டு என்ன பண்ணுவா? நான் போயி டாக்டர்கிட்ட கேட்டேன். உங்க கை நடுக்கத்துக்கு ஒரு டிரைவர் இருந்தா நல்லது சார், எங்க மாமா பொறுமையா ஓட்டுவாருன்னேன். அவரு ஒரு கேள்வி கேக்கல. நீ சொன்னா சரிப்பான்னு மறுநாளே வரச் சொல்லிட்டாரு.

ரெண்டே சீட்டு வண்டியில முதலாளி டிரைவர் பக்கத்துலதானே உக்காரணும்? மாமாவுக்கு அது ஒரு பெரிய விஷயம். மத்த டிரைவருங்க எல்லாம் முதலாளிக்கு முதுகைக் காட்டிட்டுப் போறாங்க, நான் தோளோட தோள் இடிச்சுகிட்டுப் போறேன் மச்சான்னு சொல்லுவாரு. ஞாயித்துக்கிழமை காலையில டாக்டரைக் கூட்டிக்கிட்டு இரும்பை சிவன் கோயிலுக்குப் போயிட்டு, அப்படியே இடையஞ்சாவடியில டாக்டரோட சிநேகிதர் ஒருத்தர் வீட்டுக்கும் போயிட்டு வருவாரு. அக்கா அவருக்கு ஒரு வெள்ளைச் சட்டை தனியா எடுத்து வெச்சு, கஞ்சி போட்டுத் தேய்ச்சுக் குடுப்பா. உப்புல வெந்த காலுக்கு முதல் தடவையா செருப்பு.

இந்த உதவிக்கு நான் டாக்டருக்கு ஏதாவது செய்யணும்னு நெனச்சேன். அவரு யாருகிட்டயும் எதுவும் வாங்க மாட்டாரு. அந்த வருஷம் சேறெல்லாம் வாரிப் போட்டு, பாத்தியைத் திரும்ப மிதிச்சு, சித்திரையிலதான் புது உப்பு எடுத்தாங்க. முதல் உப்பு வாருற அன்னிக்கு வரப்புல கற்பூரம் ஏத்தி தேங்கா உடைச்சு, வேலை செஞ்சவங்களுக்கு ஆளுக்கொரு முறம் உப்பு கொட்டுவாங்க. எங்கம்மாவும் அங்க கூலிக்குப் போனவதான். அவளுக்கு வந்த உப்போட இன்னும் கொஞ்சம் சேத்து, ஒரு பத்துப் பன்னெண்டு கிலோ, யூரியா சாக்குல போட்டேன். கட்டக் கயிறு கிடைக்கல. பழைய பிரேக் கேபிள் கம்பி ஒண்ணு கெடந்துச்சு, அதை முறுக்கிக் கட்டினேன்.

எங்க பக்கம் உப்பைக் கையில குடுக்க மாட்டோம். குடுத்தா சண்டை வரும்பாங்க. கீழ வெச்சிடணும், வேணுங்கறவங்க எடுத்துக்குவாங்க. குடுத்தேன் குடுத்தேன்னு வாயால சொல்லிக் காட்டுறதும் அசிங்கம். அந்த வாரம் கார் என் பட்டறைக்கு ட்யூனிங்குக்கு வந்திருந்துச்சு. நான் மூட்டையை டிக்கியில, ஸ்டெப்னிக்குப் பக்கத்துல மூலையில வெச்சு மூடிட்டேன். வீட்டுக்குப் போயி டிக்கியைத் தொறந்தா பாப்பாங்க, புது உப்புன்னு தெரிஞ்சு எடுத்துக்குவாங்கன்னு நெனச்சேன். அதோட அதை மறந்தும் போனேன்.

அந்த வருஷம் ஐப்பசி கார்த்திகையில பெஞ்ச மழை சாமானியமான மழை இல்ல. ரோடே தெரியல. தைப் பொங்கல் முடிஞ்ச பிறகுதான் காரை வெளியில எடுத்தாங்க. எடுத்த ரெண்டாம் நாளே மாமா பட்டறைக்கு வந்து, வண்டிக்குள்ள பெட்ரோல் வாசனை வருதுன்னாரு.

அந்த வண்டியில ரெண்டு கார்ப்ரேட்டர். ஒண்ணுல மிதவை மக்கர் பண்ணி லேசா வழிஞ்சிருந்துச்சு. புடிச்சேன் பாருன்னு சந்தோஷமா சரி பண்ணிக் குடுத்தேன். நாலு நாள் கழிச்சு மறுபடியும் வாசனை. இன்ஜின் பக்கம் இருந்த ரப்பர் ஹோஸ் எல்லாம் மாத்தினேன். மறுபடியும் வாசனை. பெட்ரோல் மூடியோட வாஷரை மாத்தினேன். ஒரு வாரம் இல்ல, அப்புறம் மறுபடியும். டாக்டர் சட்டையில பெட்ரோல் வாசனை, மாமா சட்டையில பெட்ரோல் வாசனை. கோயில்ல பக்கத்துல நின்ன அம்மா ஒருத்தங்க மூக்கைப் பொத்திக்கிட்டாங்கன்னு டாக்டர் சிரிச்சுகிட்டே சொன்னாரு. எனக்குச் சிரிப்பு வரல.

கசிவைக் கண்டுபிடிக்க எங்கிட்ட ஒரு வழி இருந்துச்சு. கோலமாவு. பைப்பு சேர்ற இடம், டேங்கோட அடி, விளிம்பு எல்லாத்துலயும் மாவைத் தூவி விட்டா, பெட்ரோல் கசியுற இடம் மட்டும் ஈரமாயி கறுப்பாத் தெரியும். தூவினேன். ரெண்டு நாள் வெச்சுப் பாத்தேன். மாவு மாவாவே இருந்துச்சு. வீட்டுல டப்பா காலியாப் போயி வாசல்ல கோலம் போட முடியலன்னு வீட்டுக்காரி திட்டினதுதான் மிச்சம்.

இங்கதான் மாமா சொன்னது. ஃபுல் டேங்க் போட்டாதான் நாறுதுன்னு. என் பட்டறை ஓலைக் கொட்டாய், பக்கத்துல டீக்கடை அடுப்பு. அதனால டேங்க் நல்லா கொறைஞ்ச பிறகுதான் வண்டியைக் கொண்டாரணும்னு எல்லாருக்கும் ஒரே ரூல் போட்டிருந்தேன். அப்படின்னா நாறாத வண்டியைத்தான் நான் ஒவ்வொரு தடவையும் பாத்திருக்கேன். சின்னப் புள்ளைக்குக்கூடப் புரியும். ஆனா சொன்னது மாமா. நீங்க டிரைவரு மாமா, நான் மெக்கானிக், அவங்கவங்க வேலையைப் பாப்போம்னு சொல்லிட்டேன். அவரு தலையை ஆட்டிட்டு, துணியை எடுத்து கண்ணாடியைத் துடைக்கப் போயிட்டாரு.

டிக்கியையும் தொறந்தேன், அதையும் சொல்லிடறேன். பழைய துணிக்கூரை ஒண்ணு மடிச்சுக் கெடந்துச்சு, மேல டாக்டரோட புஸ்தகக் கட்டு, அடியில ஸ்டெப்னி. துணியில கை வெச்சேன், சில்லுன்னு ஈரம். எல்லாத்தையும் வெளிய எறக்கிப் பாக்கணும். மணி ரெண்டாவுது, வீட்டுல மீன் குழம்பு. தலையை உள்ள விட்டு மோந்து பாத்துட்டு மூடிட்டேன்.

மாசி மாசம் ஒரு நாள் காலையில டாக்டர் என்னைத் தோப்புக்கே வரச் சொன்னாரு. முந்தின நாள் சாயங்காலம் டேங்கை ரொப்பியிருக்காங்க. காலையில பாத்தா பெட்ரோல் முள்ளு ஒரு கோடு எறங்கியிருக்குது. இது முதல் தடவை இல்ல, நாலஞ்சு தடவை பாத்துட்டேன்னாரு. கொட்டகை தரை மணல், பின்பக்கம் லேசா சரிவு. நான் மணல்ல மல்லாந்து படுத்து டேங்கோட அடியைத் தடவினேன். காஞ்ச தகரம். மணலை அள்ளி மோந்தேன், லேசா வாசனை இருந்த மாதிரியும் இருந்துச்சு, இல்லாத மாதிரியும் இருந்துச்சு. டேங்கோட மேல்பக்கத்தை நான் பாக்கல. அது டிக்கித் தகரத்தோட ஒட்டினாப்புல இருக்கும், டேங்கை எறக்கினாத்தான் பாக்க முடியும். போல்ட்டெல்லாம் துருவேறிக் கெடந்துச்சு. எறக்கித் திரும்ப மாட்டணும்னா ஒரு நாள் முழுக்க ஆகும், போல்ட்டு உடைஞ்சா இன்னொரு நாள்.

எழுந்து மணலைத் தட்டினேன். எல்லாத்தையும் பாத்துட்டியாப்பான்னு டாக்டர் கேட்டாரு. பாத்துட்டேன் சார்னேன். அப்போ பெட்ரோல் எங்க போவுதுன்னு கேட்டாரு. குரல்ல கோவம் இல்ல, நெஜமாவே தெரிஞ்சுக்கணும்னுதான் கேட்டாரு. ஒரு மாசத்துக்கு மேல ஒரு வாசனையைக் கண்டுபிடிக்க முடியாத ஸ்பெஷலிஸ்ட் அவரு முன்னால நிக்கறேன். ஊர்ல ஒருத்தன்கிட்ட இவரு சொல்லிட்டா போதும், என் பட்டறை பேரு போச்சு. எனக்கு வந்ததெல்லாம் அந்த ஒரு நெனப்புதான்.

"டேங்க்ல ஓட்டை இல்ல சார். வண்டியும் குடிக்கல. யாராவது எடுத்தாத்தான் உண்டு."

யாருன்னு நான் சொல்லல. சொல்ல வேண்டிய அவசியமும் இல்ல, சாவி இருக்கறது ஒருத்தர்கிட்டதான். அதோட விட்டேனா? கொட்டகைச் சுவத்துல ஆணியில ஒரு ட்யூப் தொங்கிச்சு. தோப்பு மோட்டாருக்கு டீசல் ஊத்த மாமா வெச்சிருந்தது. சொல்லிட்டு நான் அதைப் பாத்தேன். டாக்டரும் நான் பாத்த எடத்தைப் பாத்தாரு. வாயால பழி போடறவனைத் திருப்பிக் கேக்கலாம். கண்ணால போடறவனை என்ன பண்றது? மாமா அப்போ அங்க இல்ல. எனக்கு டீ வாங்கியாரச் சமையக்கட்டுக்குப் போயிருந்தாரு. வந்து குடுத்தாரு, நான் வாங்கிக் குடிச்சேன்.

டாக்டர் சத்தம் போடற ஆளில்ல. அன்னிக்குச் சாயங்காலம் சாவியை வாங்கிக்கிட்டு, நாளையிலேருந்து வேணாம்பா, நானே பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு. ஏன்னு மாமா கேட்டிருக்காரு. உனக்கே தெரியும்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாராம். சுவத்துல இருந்த ட்யூபைக் காணோம்னு பாத்த பிறகுதான் மாமாவுக்கு விஷயம் விளங்கியிருக்குது.

மறுநாள் காலையில பட்டறை தொறக்கறதுக்கு முன்னாலயே வந்து நின்னாரு. வெள்ளைச் சட்டையோட வந்திருந்தாரு. நீ ஒரு வார்த்தை சொன்னா டாக்டர் கேப்பாரு மச்சான்னாரு. நான் ஸ்பேனரைத் துடைச்சுகிட்டே இருந்தேன். அப்புறம் சொன்னாரு, மாரியம்மன் கோயிலுக்கு டாக்டரையும் கூப்பிடு, ஊரையும் கூப்பிடு, நான் கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்றேன்னு. எரியுற கற்பூரத்தைக் கையால அடிச்சு அணைச்சு சத்தியம் பண்ணிட்டா எங்க ஊர்ல அதுக்கு மேல பேச்சே கிடையாது. பொய் சொல்றவன் அந்தப் பக்கமே போக மாட்டான்.

அதனாலதான் எனக்குப் பயம் வந்துச்சு. அவரு அடிச்சிட்டா ஊர் அவரை நம்பிடும். அப்புறம் பெட்ரோல் எங்க போச்சுங்கற கேள்வி திரும்ப என் பட்டறைக்குத்தான் வரும். இதுக்கெல்லாம் போயி சாமியை இழுக்காதீங்க மாமா, விடுங்க, வேற வேலை பாத்துக்கலாம்னு சொன்னேன். அவரு என்னை ஒரு நிமிஷம் பாத்தாரு. நானும் அவரைத் திருடன்னுதான் நெனக்கறேன்னு அவருக்கு அப்போ தோணியிருக்கணும். உண்மையில நான் அப்படி நெனக்கக்கூட இல்ல. அவரு எடுத்திருந்தா எனக்கு நல்லதுன்னு மட்டும்தான் நெனச்சேன். அது இன்னும் கேவலம்.

மாமா திரும்ப உப்பளத்துக்குப் போனாரு. இன்ஜின் வேலைக்கு வேற ஆள் வந்துட்டான், இவருக்குக் கெடைச்சது வெயில்ல உப்பு வாருற வேலை. டாக்டர் வீட்டுல பெட்ரோல் திருடினவன்ங்கற பேரு அவருக்கு முன்னாலயே அங்க போய்ச் சேர்ந்திருந்துச்சு. டீசல் கேனை அவரு பக்கத்துல வெக்காதேன்னு மேஸ்திரி சொன்னதா எங்கம்மா வந்து சொல்லி அழுதா. அக்கா என்னை ஒரு வார்த்தை கேக்கல. அந்த வெள்ளைச் சட்டையைத் தோய்ச்சு மடிச்சு டிரங்குப் பெட்டியில வெச்சுப் பூட்டிட்டான்னு மட்டும் தெரிஞ்சுது. அவங்க வீட்டு வழியா போறதை நான் நிறுத்திட்டேன். சுத்திக்கிட்டுப் போனேன்.

பங்குனி கடைசியில ஒரு நாள், காலையில எட்டு மணிக்கெல்லாம், சிவப்புக் காரு பட்டறை முன்னால வந்து நின்னுச்சு. ஓட்டிட்டு வந்தது டாக்டர். ஸ்டியரிங்கைப் பிடிச்ச கை அப்படி ஆடுது, மூஞ்சியெல்லாம் வேர்வை. இறங்கி வந்து சொன்னாரு, இப்போதான் பங்க்ல டேங்கை ரொப்பிட்டு நேரா வர்றேன், சாவி ஒரு மாசமா என் தலகாணிக்கு அடியில இருக்குதுன்னு.

"அவன் போயிட்டான். வாசனை போகலியேப்பா?"

வண்டியை விட்டுட்டுப் போங்க சார், இன்னிக்கே பாத்துடறேன்னேன். அவரு தபாலாபீஸ்ல வேலை இருக்குது, மத்தியானம் வர்றேன்னு நடந்து போனாரு. டீக்கடைக்காரர் கால்ல விழாத குறையாக் கெஞ்சி, அடுப்பை அணைக்க வெச்சேன்.

டேங்கை எறக்கணும்னா முதல்ல பெட்ரோலை வெளிய எடுக்கணும். ட்யூபை விட்டு வாயில வெச்சு இழுத்தேன். மாமா மாதிரி எனக்கு வராது. வாய் நெறய பெட்ரோல் வந்துடுச்சு. துப்பிட்டு, தண்ணி ஊத்திக் கொப்புளிச்சிட்டு, மறுபடியும் இழுத்தேன். மாமா செஞ்சாருன்னு நான் சொன்ன வேலை இதுதானே. அன்னிக்கு ராத்திரி வரைக்கும் என் ஏப்பத்துல அந்த வாசனை இருந்துச்சு.

அப்புறம் டிக்கி. புஸ்தகக் கட்டை எடுத்தேன், துணிக்கூரையைத் தூக்கினேன், ஸ்டெப்னியை உருட்டி வெளிய போட்டேன். அடியில ஒரு சாக்கு, வத்திப்போயி தட்டையாக் கெடந்துச்சு. சுத்தி தரையெல்லாம் வெள்ளையாப் பூத்திருந்துச்சு. சாக்கோட வாயில பிரேக் கேபிள் கம்பி.

சாக்கைக் கையில வெச்சுகிட்டு நின்னுட்டேன். நான் வெச்ச உப்பு. யாருமே எடுக்கல. மழை மாசம் முழுக்க உப்பு ஈரத்தை இழுத்து இழுத்துத் தண்ணியா விட்டிருக்குது. அந்தத் தண்ணி போல்ட்டு ஓட்டை வழியா எறங்கி, டிக்கித் தகரத்துக்கும் டேங்குக்கும் நடுவுல போயித் தங்கியிருக்குது. மண்ணெண்ணெய் ஊத்தி ஊத்தி போல்ட்டைக் கழட்டினேன், ரெண்டு உடைஞ்சுது. டேங்கைக் கீழ எறக்கினா அடிப்பக்கம் பெயிண்ட்டு பளபளன்னு இருக்குது. மேல்பக்கம் அப்படியே அரிச்சு, விரல் வெச்சா உதிருது. டேங்க் வாயில கண்ணை வெச்சு உள்ள பாத்தேன். மேலே பொட்டுப் பொட்டா வெளிச்சம்.

ஃபுல் டேங்க் போட்டாத்தான் பெட்ரோல் அந்த ஓட்டைங்களுக்கு எட்டும். கொஞ்சம் கொறைஞ்சிட்டா எட்டாது. மாமா சொன்னது அத்தனையும் சரி. உப்பு தின்னவன் தண்ணி குடிக்கணும்பாங்க. இங்க உப்பை வெச்சவன் நான், தண்ணி குடிச்சது அவரு.

டாக்டர் திரும்பி வர்றதுக்குள்ள நான் ஒரு காரியம் பண்ணேன். சாக்கைச் சுருட்டி பழைய டயருக்குள்ள திணிச்சேன். டிக்கித் தரையைத் தண்ணி ஊத்திக் கழுவினேன். அவரு வந்ததும் டேங்கைக் காட்டினேன். திருட்டு இல்ல சார், மேல்பக்கம் துரு அரிச்சிடுச்சு, நான் டேங்கை எறக்காம சொன்னது தப்புன்னேன். அவ்வளவு தூரம் உண்மையைச் சொன்னேன். மேல்பக்கம் மட்டும் ஏன் இப்படின்னு கேட்டாரு. கடல் காத்து சார்னேன்.

டாக்டர் அந்த அரிச்ச எடத்தை விரலால தடவிப் பாத்தாரு. அப்புறம் உன் மாமா எங்க இருப்பான்னு கேட்டாரு. உப்பளத்துலன்னேன். வண்டியை எடு, என்னைக் கூட்டிட்டுப் போன்னாரு. சாயங்காலம் நானே வரச் சொல்றேன் சார்னு சொல்லிப் பாத்தேன். கேக்கல. என் பைக்ல பின்னால ஏறி உக்காந்து, ரெண்டு கையாலயும் என் தோளைப் பிடிச்சுகிட்டாரு. அந்த நடுக்கம் என் தோள் வழியா எனக்குள்ள எறங்குச்சு. வழி முழுக்க அவரு ஏதோ யோசிச்சுகிட்டே வந்தாரு.

மத்தியான வெயில்ல உப்பளத்தைக் கண்ணைத் தொறந்து பாக்க முடியாது. மாமா தலையில துண்டு கட்டிக்கிட்டு, முழங்கால் வரைக்கும் உப்புத்தண்ணியில நின்னு வாரிக்கிட்டிருந்தாரு. எங்களைப் பாத்ததும் உப்பு வாருற பலகையை வெச்சிட்டு வரப்பு மேல வந்தாரு. டாக்டர் வழுக்குற வரப்புல தடுமாறித் தடுமாறிப் போயி, அவரு முன்னால கையைக் கூப்பினாரு. சுத்தி இருந்த பொம்பளைங்கல்லாம் வேலையை நிறுத்திட்டாங்க, மேஸ்திரியும் பாத்துட்டு நின்னான். தப்பு என் மேலதாம்பா, விசாரிக்காம அனுப்பிட்டேன், நீ திரும்ப வரணும்னு டாக்டர் சொன்னாரு. மாமா பதறிப் போயி, அய்யோ என்ன சார் இதுன்னு அவரு கையைப் பிடிக்க வந்து, தன் கையெல்லாம் உப்புச் சேறுன்னு ஞாபகம் வந்து, பின்னால கட்டிக்கிட்டாரு.

எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. பேரு திரும்பக் கெடைச்சிடுச்சு, அதுவும் எல்லாரும் பாக்க. இதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அப்போதான் டாக்டர், வழியெல்லாம் யோசிச்சதை மாமாகிட்ட சொன்னாரு.

"ஏம்பா, டிக்கியில ஒரு உப்பு மூட்டை வெச்சிருந்தியே, திருஷ்டிக்குன்னு நெனச்சு நானும் எடுக்கச் சொல்லல. அதுதான் டேங்கை அரிச்சிருக்குது. தெரியாம செஞ்சது, பரவாயில்ல."

மாமா என்னைத் திரும்பிப் பாத்தாரு. நான் வாயைத் தொறக்கணும். தொறந்து, நான்தான் சார் வெச்சேன்னு மூணு வார்த்தை சொல்லணும். அம்மா அந்தப் பக்கம் கூடையோட நிக்கறா. பொம்பளைங்க நிக்கறாங்க. மேஸ்திரி நிக்கறான், அவன் பைக்கும் என் பட்டறைக்குத்தான் வரும். நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. எத்தனையோ பேரை எடுத்தெறிஞ்சு பேசின நாக்கு.

"ஆமா சார், நான்தான் வெச்சேன். எடுக்க மறந்துட்டேன், மன்னிச்சிடுங்க"ன்னாரு மாமா.

சீசன் முடியற வரைக்கும் இங்க வரேன்னு வாக்கு குடுத்திட்டேன், மழை பிடிச்சதும் வந்துடறேன் சார்னும் சொன்னாரு. டாக்டர் சரின்னு தலையாட்டிட்டு, வரப்பைப் பாத்து மெதுவா ரோட்டுப் பக்கம் நடந்தாரு. நான் பின்தங்கினேன். மாமாகிட்ட எதுக்கு அப்படிச் சொன்னீங்கன்னு கேட்டேன். மொதல் தடவை டிக்கியில சாக்கையும் கேபிள் கம்பியையும் பாத்தப்பவே நீ வெச்சதுன்னு தெரியும் மச்சான், கம்பியில மூட்டை கட்டறவன் மரக்காணத்துல உன்னை விட்டா யாரு இருக்கான்னாரு. டாக்டர் வண்டிக்குத் திருஷ்டி படக்கூடாதுன்னு நீ வெச்சிருக்கேன்னு நெனச்சேன், திருஷ்டி உப்பை அடுத்தவன் தொடக்கூடாதுன்னுதான் விட்டுட்டேன்னாரு. அது சரி மாமா, இப்போ எதுக்குப் பழியை ஏத்துகிட்டீங்கன்னு மறுபடியும் கேட்டேன். துண்டை அவிழ்த்து மூஞ்சியைத் துடைச்சாரு.

"நீ இந்த ஊர்ல பட்டறை நடத்தணும்ல மச்சான்."

அவ்வளவுதான் சொன்னாரு. பலகையை எடுத்துக்கிட்டுத் தண்ணியில எறங்கிட்டாரு.

ஐப்பசியில மாமா திரும்ப டாக்டர்கிட்ட வேலைக்குப் போனாரு, அக்கா வெள்ளைச் சட்டையைத் தேய்ச்சுக் குடுத்தா. அக்காகிட்ட அவரு எதையும் சொல்லலைன்னு அவ எங்கிட்ட பேச ஆரம்பிச்சதுலேருந்தே தெரிஞ்சுது. காரு மாசத்துக்கு ஒரு தடவை பட்டறைக்கு வரும். டிக்கியைத் தொறக்கும்போதெல்லாம் டாக்டர் மறக்காம, உப்பு கிப்பு ஏதாவது வெச்சிருக்கியாப்பான்னு மாமாவைக் கேப்பாரு. இல்ல சார், அதுக்கப்புறம் புத்தி வந்துடுச்சுன்னு மாமா சொல்லுவாரு. ரெண்டு பேரும் சிரிப்பாங்க. நான் பக்கத்துல ஸ்பேனரைக் கையில வெச்சுகிட்டு நிப்பேன்.